நியூ மெக்சிகோ போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் அமெரிக்கா போகிற நம் ஆட்கள் நயாகரா, நியூயார்க், லாஸ் வேகஸ், கிராண்ட் கேன்யன் என்று ஒரு சுற்று முடித்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அரிசோனா வரை போனவர்கள்கூட அடுத்த வீடான நியூ மெக்சிகோவை எட்டிப் பார்ப்பதில்லை. நான் அங்கே அல்புகர்க்கி நகரில் இரண்டு வருடம் குடியிருந்தேன். அந்த நாள் முதல் தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள் இவை. அமெரிக்காவின் வரலாறு இருநூற்றைம்பது வருடத்துக் கதை என்று நினைத்திருந்த என்னை உட்காரவைத்துப் பாடம் சொன்ன மாநிலம் அது. அதனால் சில பதில்கள் நீளும்.

நியூ மெக்சிகோ அமெரிக்காவில்தானே இருக்கிறது? தனி விசா வேண்டுமா?

அமெரிக்காவில்தான். 1912 ஜனவரி 6 அன்று 47-ஆவது மாநிலமாகச் சேர்ந்தது. அமெரிக்க விசா போதும். இந்தச் சந்தேகம் அமெரிக்கர்களுக்கே உண்டு. அதனால்தானோ என்னவோ, அந்த மாநிலத்து வண்டிகளின் நம்பர் பிளேட்டில் ‘நியூ மெக்சிகோ யுஎஸ்ஏ’ என்று நாட்டின் பெயரையும் சேர்த்து அச்சடிக்கிறார்கள். வேறு எந்த மாநிலமும் அப்படிப் போடுவதில்லை.

தென்பகுதி நெடுஞ்சாலைகளில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் உண்டு. பாஸ்போர்ட்டை ஹோட்டல் அறையில் விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

அப்படியானால் பெயரில் மெக்சிகோ எப்படி வந்தது?

மெக்சிகோ என்கிற நாட்டைவிட இந்தப் பெயர் மூத்தது. அஸ்டெக் மக்களின் தலைநகரையும் அதைச் சுற்றிய பள்ளத்தாக்கையும் குறித்த சொல்தான் மெக்சிகோ. அதைப்போலச் செல்வம் கொழிக்கும் இன்னொரு ராஜ்யம் வடக்கே இருக்கும் என்று நம்பிய ஸ்பானியர்கள் 1560-களிலேயே அந்தத் திசைக்கு ‘புதிய மெக்சிகோ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மெக்சிகோ தனி நாடானது 1821-இல். அதன்பின் 1848 வரை இந்த நிலம் அதன் கையில் இருந்தது. போரில் தோற்று அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது.

வடக்கே மலைக்கிராமங்களில் பெரியவர்கள் பேசும் ஸ்பானிய மொழியில் ‘அசினா’, ‘த்ரூஹே’ மாதிரியான பழைய வடிவங்கள் இன்னும் புழங்குகின்றன. நூற்றாண்டுக்கணக்கில் மற்ற ஸ்பானிய ஊர்களோடு தொடர்பு அறுந்து கிடந்ததால் தங்கிப்போனவை.

தலைநகரம் அவ்வளவு பழையதா?

சான்டா ஃபே 1610 முதல் தலைநகரம். ஆங்கிலேயக் குடியேறிகளை ஏற்றிவந்த மேஃபிளவர் கப்பல் மசாசூசெட்ஸ் கரையைத் தொட்டது 1620-இல். அதற்குப் பத்து வருடம் முன்பே இங்கே ஆளுநர் மாளிகை எழும்பிவிட்டது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது, இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு 7,000 அடிக்கு மேல் இருப்பதால், மாநிலத் தலைநகரங்களில் உயரமானதும் இதுதான்.

மண்ணையும் வைக்கோலையும் குழைத்து, வெயிலில் காயவைத்து, சுடாமல் அடுக்கும் செங்கலுக்கு அடோபி என்று பெயர். நகரம் முழுக்க அந்த மண்ணிறம்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் பார்ப்பதில் பாதிக்கு மேல் சிமென்ட் சுவரில் மண்ணிறப் பூச்சு. பழைய நகரப் பகுதியில் கட்டடங்கள் எப்படித் தோன்ற வேண்டும் என்று 1957-இல் சட்டமே போட்டுவிட்டார்கள்.

ஆளுநர் மாளிகைத் தாழ்வாரத்தில் பூர்வகுடிக் கைவினைஞர்கள் சுவரில் சாய்ந்து, முன்னால் துணி விரித்து உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளியும் நீலப்பச்சைக் கல்லும் வைத்த மோதிரம், கம்மல், மண்பானை. ஒவ்வொரு பொருளிலும் செய்தவரின் முத்திரை இருக்கும். விற்பவரே செய்தவராகவோ அவர் வீட்டு ஆளாகவோ இருப்பார். நம் வழக்கப்படி பாதி விலைக்குக் கேட்காதீர்கள்.

கயிற்று முடிச்சு வைத்து நடந்த புரட்சி என்று ஒருவர் சொன்னார். அது என்ன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஸ்பானிய மொழியில் ‘புவெப்லோ’ என்றால் கிராமம். மண்ணாலும் கல்லாலும் மாடிவீடு கட்டி, சோளம் விதைத்து வாழ்ந்த பூர்வகுடிகளின் ஊர்களுக்கு ஸ்பானியர்கள் வைத்த பெயர் அது. வந்தவர்கள் தானியத்தையும் உழைப்பையும் பிடுங்கினார்கள். சாமி கும்பிடக் கூடாது என்றார்கள். 1675-இல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 47 பேரைப் பிடித்து வந்து சவுக்கால் அடித்தார்கள். அடிபட்டவர்களில் ஒருவர் போப்பே.

ஐந்து வருடம் கழித்து அவரும் மற்ற தலைவர்களும் ஒரு நாள் குறித்தார்கள். ஊர்களுக்குள்ளே மொழி வேறு வேறு. எழுத்து கிடையாது. சில ஊர்களுக்கு இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். எப்படிச் செய்தி சொல்வது? முடிச்சுப் போட்ட கயிறுகளை ஓட்டக்காரர்கள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தினம் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். கடைசி முடிச்சு அவிழும் நாளில் எல்லா ஊரும் ஒரே நேரத்தில் எழும். ஓட்டக்காரர்கள் இருவர் ஸ்பானியர்களிடம் பிடிபட்டதால் நாள் முந்தியது. 1680 ஆகஸ்ட் 10 அன்று எழுந்தார்கள். சில நாட்களில் சான்டா ஃபேயை முற்றுகையிட்டு, அதன் வாய்க்கால் தண்ணீரையும் மறித்து, ஸ்பானியர்களைத் தெற்கே எல் பாசோ வரை விரட்டினார்கள். 12 வருடம் அந்த நிலத்தில் ஸ்பானிய ஆட்சி இல்லை.

1692-இல் திரும்பி வந்தவர்களால் பழையபடி அடக்கி ஆள முடியவில்லை. அந்த மக்களின் மொழியும் வழிபாடும் ஊரும் இன்றுவரை நிற்பதற்கு இந்தப் புரட்சி பெரிய காரணம். மாநிலத்தில் இப்போது 19 புவெப்லோக்கள் இருக்கின்றன. நவஹோ, அப்பாச்சி என்ற மற்றப் பூர்வகுடிகளின் நிலங்கள் தனி. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் போப்பேயின் பளிங்குச் சிலை 2005 முதல் நிற்கிறது. போனால் பின்பக்கம் சுற்றி வந்து பாருங்கள். கையில் முடிச்சுக் கயிறு, முதுகில் சவுக்குத் தழும்பு.

அந்த ஊர்களுக்கு நாம் போகலாமா?

போகலாம், விருந்தாளியாக. மக்கள் குடியிருக்கும் ஊர் என்பது நினைவில் இருக்கட்டும். சடங்கு நாட்களில் முன்னறிவிப்பு இல்லாமலும் மூடுவார்கள். புகைப்பட விதி ஊருக்கு ஊர் வேறு. சில ஊர்களில் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் டாவோஸ் புவெப்லோ போங்கள். ஏறத்தாழ ஆயிரம் வருடமாக ஆள் குடியிருக்கும் மண் அடுக்குவீடுகள். முன்பு கீழ்த்தளத்தில் வாசலே கிடையாது. ஏணி வைத்து மேலே ஏறி, கூரை வழியாக உள்ளே இறங்குவார்கள். பகைவர் வந்தால் ஏணியை இழுத்துக்கொள்வார்கள். பழைய ஊருக்குள் இன்றும் மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. ஊர் நடுவே ஓடும் சிற்றாறுதான் குடிநீர்.

அந்த ஆறு பிறக்கும் மலை ஏரி அவர்களுக்குக் கோயில். 1906-இல் அரசு அதைக் காட்டுத்துறை நிலமாக எடுத்துக்கொண்டது. பிறகு இழப்பீடாகப் பணம் தருகிறோம் என்றது. வேண்டாம், ஏரியைக் கொடுங்கள் என்று மறுத்துவிட்டார்கள். மூன்று தலைமுறை விடாமல் கேட்டு, 1970-இல் அதிபர் நிக்சன் கையெழுத்திட, 48,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. வெளியாட்களுக்கு இன்றும் அங்கே அனுமதி இல்லை. அது சரியென்றே எனக்குப் படுகிறது.

ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் இருப்பது உண்மையில் மணல்தானா?

நாம் அறிந்த மணல் இல்லை, ஜிப்சம். நம் ஊரில் நிலக்கடலைக்குப் போடுகிறோமே, அதே ஜிப்சம். ஏறக்குறைய 700 சதுர கிலோமீட்டருக்கு வெள்ளை மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது. ஜிப்சம் மணல்மேடுகளில் உலகிலேயே பெரியது. ஜிப்சம் தண்ணீரில் கரையும். வேறு இடமாக இருந்தால் ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கும். இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு ஆறும் வெளியே போவதில்லை. மலையிலிருந்து கரைந்து வந்தது தாழ்ந்த ஏரியில் தங்கி, தண்ணீர் வற்றிப் படிகமாகி, காற்றில் உடைந்து பொடியாகி, மேடாகிறது.

நான் போனது ஜூன் மாதம், நடுப்பகல். கண் கூசியது. பாதம் வெந்துவிடும் என்று பயந்துகொண்டே செருப்பைக் கழற்றினேன். ஜில்லென்று இருந்தது. வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளாமல் அந்த வெள்ளை திருப்பி அனுப்பிவிடுகிறது. மேலடுக்கைக் கையால் விலக்கினால் உள்ளே ஈரம். நிலத்தடி நீர் அவ்வளவு மேலே இருக்கிறது. பக்கத்தில் குழந்தைகள் பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். பூங்காக் கடையில் அந்தத் தட்டு விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களும் சறுக்கலாம்.

அந்த மேடுகளுக்குப் பக்கத்தில், வற்றிப்போன பழைய ஏரிக்கரையில்தான் மனிதக் காலடித் தடங்கள் கிடைத்தன. 21,000 முதல் 23,000 வருடம் பழையவை என்று 2021-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அமெரிக்கக் கண்டத்துக்கு மனிதன் எப்போது வந்தான் என்ற கணக்கை அது பல ஆயிரம் வருடம் பின்னே தள்ளியது. வேறொரு தடவரிசை இன்னும் மனதைத் தொடும். 10,000 வருடத்துக்கும் முன்னால், இளம்பெண்ணாக இருக்கலாம், யாரோ ஒருவர் குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு ஒன்றரை கிலோமீட்டர் வேகமாக நடந்திருக்கிறார். இடையிடையே குழந்தையைக் கீழே விட்ட இடங்களில் சின்னப் பாதங்கள். திரும்பி வரும்போது குழந்தை இல்லை. அவர் போனபின் மாமூத் யானை ஒன்றும் ராட்சத ஸ்லாத் என்ற விலங்கு ஒன்றும் அந்தத் தடத்தைக் குறுக்கே கடந்திருக்கின்றன.

போவதற்கு முன் பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். சுற்றிலும் ராணுவ ஏவுகணைத் தளம்; சோதனை நடந்தால் சில மணி நேரம் சாலையை மூடுவார்கள்.

முதல் அணுகுண்டு வெடித்த இடத்தைப் பார்க்க முடியுமா?

அந்த ஏவுகணைத் தளத்துக்கு உள்ளேதான் அந்த இடம். ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டும் திறப்பார்கள். வெடிப்பின் சூட்டில் மணல் உருகிப் பச்சைக் கண்ணாடியாகிச் சிதறியது. துண்டு கிடந்தாலும் எடுக்கக் கூடாது, குற்றம். குண்டு செய்த லாஸ் அலமோஸை எந்த நாளும் பார்க்கலாம். 1943 முதல் போர் முடியும்வரை அந்த ஊருக்கு வரைபடத்தில் இடமில்லை. தபால் எல்லாம் ‘அஞ்சல் பெட்டி 1663, சான்டா ஃபே’ என்ற ஒரே முகவரிக்கு. அங்கே பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடமாக அந்த அஞ்சல் பெட்டியையே எழுதினார்கள்.

குண்டு செய்த விஞ்ஞானிகளின் தலைவர் ஓப்பன்ஹைமர், வெடிப்பைப் பார்த்ததும் கீதை வரியை நினைத்ததாகச் சொன்னது நம்மில் பலருக்குத் தெரியும். அந்த விடியற்காலையில் பக்கத்துப் பண்ணைகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1945 ஜூலை 16, காலை 5:29. அவர்களுக்கு எச்சரிக்கை இல்லை. வெடிமருந்துக் கிடங்கு வெடித்துவிட்டது என்று ராணுவம் அறிக்கை விட்டது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்த குடும்பங்கள் அவை. அந்தக் கூரையிலும் தொட்டியிலும் மாட்டிலும் பயிரிலும் சாம்பல் இறங்கியது. கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 1990-இல் வந்தபோது நெவாடா சோதனைகளின் காற்றுவழியில் இருந்தவர்களைச் சேர்த்தார்கள், நியூ மெக்சிகோ மக்களை விட்டுவிட்டார்கள். அவர்களைச் சேர்த்தது 2025-இல். காத்திருந்தவர்களில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

1979-இல், அதே ஜூலை 16 அன்று, நவஹோ நிலத்தருகே சர்ச் ராக்கில் யுரேனியக் கழிவுநீர் அணை உடைந்து 35 கோடி லிட்டர் அளவுக்குப் புவெர்கோ ஆற்றில் பாய்ந்தது. ஆடுமாடுகள் நீர் குடித்த ஆறு. லாஸ் அலமோஸ் அருங்காட்சியகத்தைப் பார்க்கிறவர்கள் இந்த ஊர்களையும் மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எந்த ஓட்டலுக்குப் போனாலும் ‘சிவப்பா, பச்சையா?’ என்று கேட்பார்களாமே?

கேட்பார்கள். மிளகாய்க் குழம்பைப் பற்றிய கேள்வி அது. மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியாகவே அறிவித்திருக்கிறார்கள். இரண்டும் வேண்டுமென்றால் ‘கிறிஸ்துமஸ்’ என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். 2023-இல் பச்சை மிளகாய் சுடும் வாசனையை மாநிலத்தின் வாசனையாகவும் சட்டமாக்கினார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் போனால் அந்த வாசனை தெருவெல்லாம் இருக்கும். மளிகைக் கடை வாசலில், கார் நிறுத்தும் இடத்தில், கம்பிக்கூண்டு உருளை ஒன்றை நிறுத்தியிருப்பார்கள். ஹேட்ச் பள்ளத்தாக்கிலிருந்து வந்த ஒரு மூட்டைப் பச்சை மிளகாயை அதற்குள் கொட்டி, கீழே கேஸ் நெருப்பைச் சீறவிட்டுச் சுழற்றுவார்கள். தோல் படபடவென்று வெடித்துக் கருகும். சூட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய், ஆவியிலேயே புழுங்கவிட்டு, தோல் உரித்து, சின்னச் சின்னப் பையாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த வருடம்வரை வரும். கார் ஒரு வாரம் மணக்கும்.

மிளகாயின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்தது. அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகு. அதனால்தான் வந்ததற்கு ‘மிளகாய்’ என்று பெயர் வைத்தோம். அதே நூற்றாண்டின் முடிவில் ஸ்பானியக் குடியேறிகள் மெக்சிகோவிலிருந்து நியூ மெக்சிகோவுக்கு மிளகாய் விதையைக் கொண்டுபோனார்கள். ஆக, நம் அடுப்பங்கரைக்கும் அவர்கள் அடுப்பங்கரைக்கும் அது வந்துசேர்ந்த காலம் ஏறக்குறைய ஒன்றுதான்.

சைவர்கள் கவனிக்க: மிளகாய்க் குழம்பில் பன்றிக்கறியோ கோழிச் சாறோ இருக்கும், பீன்ஸில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் கேளுங்கள். ‘சோப்பபியா’ என்ற பூரி கேட்டால் உப்பிக்கொண்டு வரும், தேனோடு.

பாலைவனத்தில் விவசாயம் எப்படி?

வாய்க்காலால். ‘அசேக்கியா’ என்று சொல்கிறார்கள். ஸ்பானியர்களுக்கு அரபியர்களிடமிருந்து வந்த சொல், முறையும் அவர்களிடம் கற்றது. மாநிலத்தில் சுமார் 700 அசேக்கியாக்கள் இன்னும் ஓடுகின்றன. வாய்க்கால் ஊருக்குப் பொது. ‘மயோர்டோமோ’ என்று ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். யாருக்கு எப்போது மடை திறப்பது என்பது அவர் கையில். தண்ணீர் குறைந்தால் எல்லோருக்கும் பங்கு குறையும். வசந்தம் தொடங்குவதற்கு முன் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து தூர்வார வேண்டும். மாநிலம் பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கும் ஆட்சி இது. மார்ச் மாதம் வடக்குக் கிராமங்கள் வழியாகப் போனால் வரிசையாக நின்று தூர்வாருவதைப் பார்க்கலாம்.

கார்ல்ஸ்பேட் குகையில் வௌவால் பார்க்க எப்போது போக வேண்டும்?

மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை, மாலை இருட்டுவதற்கு முன் குகைவாயில் கல்படிகளில் போய் உட்கார்ந்துவிடுங்கள். லட்சக்கணக்கான வௌவால்கள் சுழன்று சுழன்று மேலே வந்து, புகைபோல நீண்டு, பூச்சி தேடி ஆற்றுப்பக்கம் போகும். செல்போன், கேமரா எதுவும் கூடாது; சத்தமும் வெளிச்சமும் அவற்றைக் கலைக்கும். இறக்கைச் சத்தம் மட்டும் கேட்கும். பகலில் குகைக்குள் லிஃப்டில் 750 அடி இறங்கலாம். நடந்து இறங்குவதே நல்லது, முழங்கால் ஒத்துழைத்தால். உள்ளே எப்போதும் 13 டிகிரி, ஸ்வெட்டர் வேண்டும்.

ராஸ்வெல்லில் வேற்றுக்கிரகவாசிகள்?

1947-இல் பண்ணையில் விழுந்த சிதிலத்தை ‘பறக்கும் தட்டு’ என்று ராணுவமே முதலில் அறிவித்து உடனே மறுத்தது. சோவியத் அணுசோதனைகளை ஒட்டுக்கேட்கப் பறக்கவிட்ட ரகசிய பலூன் அது என்று 1994-இல் விமானப்படை விளக்கியது. வானத்தில் ஆர்வம் இருந்தால் சொக்கோரோவுக்கு மேற்கே போங்கள். வெட்டவெளியில் 27 ரேடியோ தொலைநோக்கித் தட்டுகள், ஒவ்வொன்றும் 25 மீட்டர் அகலம். தண்டவாளத்தில் நகர்த்தி, மூன்று கிளையாக விரித்து, எல்லாவற்றையும் ஒரே கண்ணாக வேலை செய்ய வைக்கிறார்கள். எல்லாத் தட்டும் ஒன்றாகத் திரும்பும் அந்த நொடிக்காகவே நான் மூன்று தடவை போனேன்.

பலூன் திருவிழாவுக்கு ஏன் அல்புகர்க்கி?

காற்று. அக்டோபர் காலையில் தரைக்குப் பக்கத்தில் காற்று தெற்கு நோக்கி வீசும், கொஞ்சம் உயரத்தில் வடக்கு நோக்கி வீசும். பலூனோட்டி ஏறி இறங்கியே கிளம்பிய இடத்துக்குத் திரும்பலாம். உள்ளூரில் இதை ‘பாக்ஸ்’ என்பார்கள். 1972-இல் 13 பலூன்களோடு தொடங்கியது, இப்போது ஐநூறுக்கும் மேல். ஹோட்டல் அறையை மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 1975-இல் தொடங்கியதும் இதே ஊரில்தான். ஆல்டேர் கணினி செய்த நிறுவனம் இங்கே இருந்தது. அதற்கு மென்பொருள் எழுத வந்தவர்கள் பில் கேட்ஸும் பால் ஆலனும். 1979-இல் கிளம்பிவிட்டார்கள்.

எப்போது போகலாம்? எத்தனை நாள்?

செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் மத்தியான இடிமழை உண்டு. அவர்களும் அதை மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள். காய்ந்த ஓடையில் அப்போது கால் வைக்காதீர்கள், எங்கோ பெய்த மழை வெள்ளமாக வரும். வடக்கே உயரம் அதிகம். முதல் நாள் மூச்சு வாங்கும், தலை வலிக்கும். தண்ணீர் நிறையக் குடித்து, மலையேற்றத்தை இரண்டாம் நாளுக்குத் தள்ளுங்கள்.

ஐந்து நாள் இருந்தால்: அல்புகர்க்கியில் இறங்கி, ஒரு மணி நேரத்தில் சான்டா ஃபே. அங்கே இரண்டு இரவு, நடுவில் ஒரு நாள் டாவோஸ். பிறகு தெற்கே நான்கு மணி நேரம் ஓட்டி, சூரியன் சாய்வதற்குள் ஒயிட் சாண்ட்ஸ். மறுநாள் கார்ல்ஸ்பேட். பெட்ரோல் பங்க் இல்லாத நீளமான சாலைகள், பாதி டாங்க் ஆனதும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒயிட் சாண்ட்ஸில் வெள்ளை மேடுகள் ரோஜா நிறமாகி, நீலமாகி, சாம்பலாகும்வரை உட்காரத் தோன்றும். எந்த மேட்டைத் தாண்டி வந்தோம், கார் எந்தப் பக்கம் என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் எல்லா மேடும் ஒன்றுபோலத்தான் இருக்கும், காலடித் தடத்தையும் காற்று அதற்குள் அழித்திருக்கும்.